மீண்டும் மாணவரான ஆசிரியர்கள்

ஆசிரியப் பயிற்சிக்கென்றே ஆட்களைத் தேர்ந்து, அரசுச் செலவில் கடல் கடந்து அனுப்பும் வழக்கம் ஜப்பானில் 1875ஆம் ஆண்டு தொடங்கியது. அவ்வாண்டு கல்வி அமைச்சகம் மூன்று இளைஞர்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. இசாவா ஷூஜி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிட்ஜ்வாட்டர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். தகாமினே ஹிதேயோ நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோவுக்கும், கோசு சென்சபுரோ அதே மாநிலத்தின் ஆல்பனிக்கும் போனார்கள். மூவருமே இருபத்தைந்து வயதை எட்டாதவர்கள். இவர்களில் இசாவா, புறப்படும்போதே அய்ச்சி மாகாண ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவர். ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியை நடத்தியவர் வேறொரு நாட்டில் அதே வகைப் பள்ளியின் மாணவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தது இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். அன்றைய ஜப்பானின் நிலையைப் பார்த்தால் அது விளங்கும்.

1868இல் மெய்ஜி ஆட்சி வந்தது. நான்கே ஆண்டுகளில், 1872இல், நாடு முழுவதற்குமான கல்விச் சட்டம் பிறந்தது. 8 பல்கலைக்கழகங்கள், 256 நடுநிலைப் பள்ளிகள், 53,760 தொடக்கப் பள்ளிகள் என்று அது கணக்குப் போட்டது. பள்ளிக்கு ஓர் ஆசிரியர் என்றாலும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேண்டும். அத்தனை பேருக்கு எங்கே போவது? அதுவரை பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் கற்றது தெராகோயா என்னும் ஊர்ப் பள்ளிகளில். அவற்றை நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்கு உறவு எனலாம். பாயில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாத்தியார் தனித்தனியே பாடம் கொடுப்பார். ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் வரிசையாக உட்கார வைத்து எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடத்தை நடத்துவது அங்கே கேள்விப்படாத சங்கதி.

அந்தக் கலையைக் கற்றுக்கொடுக்க 1872இல் டோக்கியோவில் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. கன்பூசிய நூல்களைப் பயிற்றுவித்த பழைய ஷோஹெய் கல்விக்கூடத்தின் வளாகமே அதற்கு இடமாயிற்று. அமெரிக்கரான மேரியன் ஸ்காட் முதல் பயிற்றுநர். அவர் தரைப் பாய்களை எடுக்கச் சொல்லி மேசை நாற்காலிகளைப் போட வைத்தார். கரும்பலகையும் அமெரிக்கப் பாடநூல்களும் வந்தன. ஸ்காட்டுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவில் நின்று சொல்லச் சொல்ல, பயிற்சி மாணவர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள்.

இதன் விளைவு 1873இல் வந்த ஆசிரியர் கையேட்டில் அப்படியே தெரிகிறது. அதை எழுதியவர் அந்தப் பள்ளியின் தலைவர் மொரோகுசு நொபுசுமி. ஆசிரியர் படத்திலுள்ள சீமைப் பனிச்சைப் பழத்தைக் காட்டி, இது என்ன, எங்கே காய்க்கும், எதற்கு உதவும், எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும். கேள்வியோடு பதிலும் கையேட்டிலேயே அச்சாகியிருந்ததால் பழத்தை யாரும் உற்றுப் பார்க்கத் தேவை ஏற்படவில்லை. கண்ணால் பார்த்துக் கற்பதற்காகப் பிறந்த முறை, கடல் தாண்டி வந்ததும் இன்னொரு மனப்பாடமாக மாறிவிட்டது. வெளிநாட்டு முறையைப் புத்தகம் வழியாகவும் மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் இறக்குமதி செய்வதன் எல்லை அதுதான். அமைச்சகத்தின் ஆலோசகராக இருந்த அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மரேயும், அமைச்சகத்தை நடத்திய தனகா ஃபுஜிமாரோவும் அடுத்த அடியை யோசித்தது இந்தச் சூழலில்தான்.

ஆளை அனுப்புவதிலும் சிக்கல் இருந்தது. மெய்ஜியின் தொடக்க ஆண்டுகளில் செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளைகள் பலர் தகுதி பார்க்கப்படாமலே அரசுப் பணத்தில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயிருந்தார்கள். செலவு ஏறியதே தவிரப் பலன் தெரியவில்லை. 1873இல் அமைச்சகம் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1875இல் போன குழுவோ தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. பயிற்சிப் பள்ளி எப்படி நடக்கிறது என்பதை மாணவராக இருந்தே அறிந்துவர வேண்டும் என்பது இந்த மூவருக்கும் இடப்பட்ட பணி.

இசாவா 1851இல் மத்திய ஜப்பானின் மலைநாட்டுத் தகாதோ சிற்றரசில் சாமுராய் குடும்பமொன்றில் பிறந்தவர். இளவயதில் அந்தச் சிற்றரசின் மேற்கத்திய பாணிப் படையில் முரசடித்தவர். பிரிட்ஜ்வாட்டரில் அறிவியலும் கணிதமும் அவருக்குத் தொல்லை தரவில்லை. ஆங்கில உச்சரிப்பும் பாட்டும்தான் வரவில்லை. அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகளில் ஒவ்வோர் ஆசிரியரும் பாடத் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானிய மரபுப் பாடல்கள் பெரும்பாலும் ஐந்து சுரங்களில் நடப்பவை. மேற்கத்திய வரிசையின் நான்காம் சுரமும் ஏழாம் சுரமும் அவர் தொண்டையில் நிற்கவே இல்லை. பள்ளித் தலைவர் ஆல்பர்ட் பாய்டன் பரிவோடு ஒரு யோசனை சொன்னார்: வேறு நாட்டிலிருந்து வந்தவர்தானே, பாட்டுப் பாடத்திலிருந்து விலக்கு அளிக்கிறேன். அதைக் கேட்டு மூன்று நாள் அழுததாக இசாவா பின்னாளில் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார்.

அந்த அழுகைக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. 1872 கல்விச் சட்டத்தின் தொடக்கப் பள்ளிப் பாடப்பட்டியலில் பாட்டும் இடம்பெற்றிருந்தது. பக்கத்திலேயே, இப்போதைக்கு இதை விட்டுவிடலாம் என்ற குறிப்பும் இருந்தது. நாட்டில் அதைச் சொல்லித்தர ஓர் ஆசிரியரும் இல்லாததால் சேர்க்கப்பட்ட குறிப்பு அது. அதே குறிப்பு இப்போது அவர் பெயருக்கு எதிரேயும் எழுதப்படவிருந்தது. இசாவா விலக்கை ஏற்கவில்லை. பாஸ்டன் பள்ளிகளில் இசைக் கல்வியை நடத்திவந்த லூதர் வைட்டிங் மேசனைத் தேடிப் போய் வார இறுதிகளில் பாடம் கேட்டார். சுவரில் தொங்கும் பெரிய அட்டைகளைக் கொண்டு சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் சுரம் சொல்லித்தரும் முறையை மேசன் உருவாக்கியிருந்தார். இருபத்தைந்து வயதுப் பள்ளித் தலைவர் ஒருவர் அந்த அட்டைகளின் முன் நின்று ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்.

உச்சரிப்புக்காக அவர் இன்னொருவரிடம் போனார். அந்த இன்னொருவர் அலெக்சாண்டர் கிரஹாம் பெல். அப்போது பெல், காது கேளாதோருக்குப் பேசக் கற்றுத்தரும் ஆசிரியராகவே பாஸ்டனில் அறியப்பட்டிருந்தார். நாக்கும் உதடும் தொண்டையும் எந்த ஒலிக்கு எப்படி அமைகின்றன என்பதைக் குறிகளால் எழுதிக் காட்டும் 'கட்புல ஒலி' முறை அவருடைய தந்தை கண்டது. இசாவா அதைக் கற்றார். பெல் தொலைபேசியைச் சோதித்துக்கொண்டிருந்த காலம் அது. இசாவாவும், அங்கே படித்துக்கொண்டிருந்த கனெகோ கென்தாரோவும் அந்தக் கருவியில் ஜப்பானிய மொழியில் பேசிப் பார்த்தார்கள். ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தொலைபேசியில் ஒலித்த மொழி ஜப்பானிய மொழி என்று சொல்லப்படுவது இதனால்தான்.

தகாமினே போன ஆஸ்வீகோ, ஒன்டாரியோ ஏரிக்கரையில் உள்ள சிறு நகரம். அமெரிக்கா முழுவதிலிருந்தும் கல்வியாளர்கள் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோட்சி, பிள்ளை பொருளைத் தொட்டுப் பார்த்து அறிந்த பிறகே சொல் வர வேண்டும் என்று வாதிட்டவர். அவருடைய முறை லண்டனில் ஒரு பயிற்சிக் கூடத்தில் பாடத்திட்டமாக வடிவம் பெற்றது. அதன் கருவிகள் டொராண்டோவின் அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஆஸ்வீகோ பள்ளிகளின் கண்காணிப்பாளர் எட்வர்ட் ஷெல்டன் 1859இல் அவற்றைக் கண்டார். 1861இல் லண்டனிலிருந்து ஓர் ஆசிரியையை வரவழைத்துத் தம் ஊரிலேயே பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார். பெஸ்டலோட்சியின் முதல் உடனாசிரியரான குரூசியின் மகன் ஹெர்மன் குரூசி அங்கே பேராசிரியர். தகாமினே தங்கியது அவர் வீட்டில். கையேட்டின் வழியே டோக்கியோவுக்கு உலர்ந்து வந்து சேர்ந்த முறையை அவர் அதன் சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

ஆஸ்வீகோவில் படிப்பின் பெரும் பகுதி வகுப்பெடுப்பதுதான். பயிற்சி மாணவர் உண்மையான பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்துவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் குறிப்பெடுத்து, பாடம் முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார். அங்கே கண்ணாடித் துண்டு ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது ஆசிரியருக்கு முன்கூட்டித் தெரியாது. அந்தத் தெரியாமையோடு நின்று பழகுவதே பயிற்சி. தகாமினேயின் பின்னணியை நினைத்தால் இது சாதாரண மாற்றம் இல்லை. 1854இல் அய்சு சிற்றரசில் பிறந்த அவர், அதன் தலைவருக்குப் பணிவிடை செய்த சிறுவர்களில் ஒருவர். மெய்ஜி அரசுக்கு எதிரான 1868 போரில் அய்சு தோற்ற பக்கம். மேலோர் சொல்வதை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பதே படிப்பு என்ற சூழலில் வளர்ந்து, பிறகு கல்வியாளர் ஃபுகுசாவாவின் கெய்யோ பள்ளியில் ஆங்கிலம் படித்து, அங்கிருந்து ஆஸ்வீகோவுக்கு வந்தவர். விலங்கியலில் அவருக்குப் பிறந்த ஈடுபாடும் இந்தப் பயிற்சியின் விளைவு எனலாம்.

இசாவாவும் தகாமினேயும் 1878இல் நாடு திரும்பினார்கள். அடுத்த ஆண்டே டோக்கியோ பயிற்சிப் பள்ளி அவர்கள் கைக்கு வந்தது. இசாவா தலைவர், தகாமினே அவருக்குத் துணை. இருவரும் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். உளவியலும் இயற்கை அறிவியலும் செய்முறைப் பயிற்சியும் அதில் இடம் பிடித்தன. உயிரினங்களின் தோற்றம் பற்றி ஐரோப்பா விவாதித்துக்கொண்டிருந்த கருத்துகளை ஆங்கில உயிரியலாளர் ஹக்ஸ்லியின் சொற்பொழிவுகள் வழியாக இசாவா 1879இல் மொழிபெயர்த்தார். ஜப்பானியரால் எழுதப்பட்ட முதல் கல்வியியல் நூல் என்று சொல்லப்படுவதும் அவருடையதே. தகாமினே, ஜேம்ஸ் ஜோஹனாட்டின் கற்பித்தல் நூலை மொழிபெயர்த்து 1885இல் வெளியிடத் தொடங்கினார்.

ஆனால் நாட்டு மக்களின் நினைவில் நின்றது பாட்டுத்தான். 1879 அக்டோபரில் இசை ஆய்வுத் துறை அமைக்கப்பட்டு இசாவா அதன் பொறுப்பாளரானார். கிழக்கையும் மேற்கையும் கலந்து புதிய பாடல்களைச் செய்வது, அதற்கான ஆட்களைப் பயிற்றுவது, பள்ளிகளில் பாட்டைக் கொண்டுவருவது ஆகிய மூன்றும் அதன் வேலை. 1880இல் மேசனே ஜப்பானுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் தங்கினார். ஆல்பனியிலிருந்து திரும்பிய கோசுவும் இதில் சேர்ந்து உழைத்தார். கோத்தோ யாழ் வித்வான்களும் உடன் இருந்தார்கள். 1881 என்று ஆண்டிட்டு வந்த முதல் பாடநூலில் 33 பாடல்கள். ஸ்காட்லாந்து மெட்டு ஒன்று, மின்மினி வெளிச்சத்தில் படித்த மாணவனைப் பற்றிய ஜப்பானியச் சொற்களோடு அதில் இடம்பெற்றது. அந்த மெட்டில் நான்காம் சுரமும் ஏழாம் சுரமும் கிடையாது. நம் மோகன ராகத்தின் ஐந்து சுரங்களில் அது அடங்கிவிடும். எந்தச் சுரங்கள் ஜப்பானியத் தொண்டையில் நிற்காது என்பதைப் பட்டறிந்தவர் தேர்வில் பங்குகொண்டார் என்பதை நினைவில் கொள்ளலாம். பட்டமளிப்பு நாளில் அந்தப் பாட்டைப் பாடும் வழக்கம் ஜப்பானியப் பள்ளிகளில் நூறாண்டுக்கு மேல் நிலைத்தது.

தகாமினேயின் வகுப்பறை முறைக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மாகாணங்கள் தங்கள் ஆசிரியர்களை டோக்கியோவுக்கு அனுப்பி அந்த முறையைக் கற்றுவரச் செய்தன. அங்கே பயின்ற வகபயாஷி தொரசாபுரோவும் ஷிராய் தகேஷியும் 1883இல் எழுதிய கையேடு நாடெங்கும் பரவியது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது போன்ற ஒன்பது விதிகள் அதன் முகப்பில் இருந்தன. விதிகளை ஆசிரியர்கள் நெட்டுருப் போட்டார்கள். பத்தாண்டுக்கு முன் பனிச்சைப் பழத்துக்கு நேர்ந்ததே இப்போது பெஸ்டலோட்சிக்கும் நேர்ந்தது. போய் வந்தவரிடம் அனுபவமாக இருந்தது, அடுத்த கைக்கு மாறும்போது சூத்திரமாகிவிட்டது. இதைத் தகாமினேயின் குறை என்று சொல்வது நியாயமாகாது. பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் ஆசிரியரைப் புத்தகத்துக்குள் வைத்து அனுப்ப முடியாது.

அரசியலும் திசை மாறியது. அரசவை அறிஞர் மொதோதா நகசானே எழுதி 1879இல் பேரரசர் பெயரில் வெளிவந்த ஆணை, மேற்கத்திய அறிவின் பின்னால் ஓடி ஒழுக்கத்தை இழக்கிறோம் என்று எச்சரித்தது. 1880 சட்டத்திருத்தம் நீதிபோதனையைப் பாடங்களில் முதலிடத்துக்கு ஏற்றியது. 1886இல் கல்வி அமைச்சர் மொரி அரினொரி ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தனி ஆணை பிறப்பித்தார். பணிவு, நட்பு, கண்ணியம் ஆகியவை ஆசிரியரின் குணங்களாக வகுக்கப்பட்டன. விடுதி வாழ்க்கையும் உடற்பயிற்சியும் படைமுகாம் வடிவம் பெற்றன. டோக்கியோ பள்ளியின் தலைவராக யமகவா ஹிரோஷி என்ற படை அதிகாரி அமர்த்தப்பட்டார். தகாமினே அவருக்குக் கீழே பொறுப்பேற்றார். இருவருமே அய்சுக்காரர்கள் என்பது தற்செயல். 1887இல் ஜெர்மனியிலிருந்து வந்த எமில் ஹவுஸ்க்னெக்ட், ஜெர்மன் தத்துவவாதி ஹெர்பார்ட்டின் கல்விக் கொள்கையைப் போதிக்கத் தொடங்கியதும், ஆஸ்வீகோவின் பெயர் மெல்ல மங்கியது.

பெண்கள் சென்ற வழி வேறு. 1871இல் ஆறு வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே வளர்ந்த சுடா உமேகோ, 1889இல் தம் விருப்பில் இரண்டாம் முறை போனார். பிரின் மார் கல்லூரியில் உயிரியல் படித்தபடியே, 1891இல் சில மாதங்கள் ஆஸ்வீகோவில் கற்பித்தல் முறை பயின்றார். 1900இல் அவர் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி, பெண்களை ஆங்கில ஆசிரியர்களாக்கியது. 2024 முதல் 5,000 யென் நோட்டில் இருப்பது அவர் முகம்.

அரசு அனுப்பிய யசுயி தெத்சு 1897இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் எலிசபெத் ஹியூஸ் நடத்திய பெண்களுக்கான பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். புறப்படும்போது கிறித்தவத்தின்மேல் அவருக்கு நல்லெண்ணம் இல்லை. 1900இல் திரும்பிவந்து அவ்வாண்டே ஞானஸ்நானம் பெற்றார். கற்பித்தல் முறையை அறிந்துவரச் சொன்ன அமைச்சகம் இதை எதிர்பார்த்திருக்காது. 1904இல் அவர் சயாம் சென்று பாங்காக்கில் அரசியின் ஆதரவில் பிறந்த ராஜினி பெண்கள் பள்ளியைக் கட்டியெழுப்ப உதவினார். பின்னாளில் டோக்கியோ மகளிர் கிறித்தவப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

எல்லோருக்கும் பயணம் நன்மையாக முடியவில்லை. குமமோதோவில் ஆங்கில ஆசிரியராக இருந்த நட்சுமே சோசெகியை அமைச்சகம் 1900இல் லண்டனுக்கு அனுப்பியது. ஆண்டுக்கு 1,800 யென் உதவித்தொகை லண்டன் விலைவாசியில் கரைந்தது. பல்கலைக்கழக வகுப்புகள் அவருக்குப் பிடிக்கவில்லை. ஷேக்ஸ்பியர் அறிஞர் ஒருவரிடம் பணம் கொடுத்துத் தனியே பாடம் கேட்டார். மற்ற நேரமெல்லாம் வாடகை அறையில் புத்தகங்களோடு அடைந்து கிடந்தார். அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்ற செய்தி டோக்கியோவரை போனது. அந்த இரண்டு ஆண்டுகளைத் தம் வாழ்வின் மிகக் கசப்பான காலம் என்று அவர் பின்னர் எழுதினார். படித்த காலத்தைப் போல் இரு மடங்கு காலம் அரசுப் பள்ளிகளில் பணியாற்ற வேண்டும் என்பது உதவித்தொகையின் நிபந்தனை. நான்கு ஆண்டுகளை முடித்துக்கொண்டு 1907இல் ஆசிரியத் தொழிலை விட்டு அசாஹி நாளிதழில் சேர்ந்தார். ஜப்பான் ஓர் ஆசிரியரை இழந்து நாவலாசிரியரைப் பெற்றது.

இதற்குள் டோக்கியோவே பிறநாட்டார் வந்து பயிலும் இடமாகிவிட்டது. டோக்கியோ உயர் பயிற்சிப் பள்ளியின் தலைவரும் ஜூடோவின் தந்தையுமான கனோ ஜிகோரோ, 1902இல் சீன மாணவர்களுக்காகக் கோபுன் கல்விக்கூடத்தைத் திறந்தார். சில மாதங்களிலேயே முடியும் விரைவு ஆசிரியப் பயிற்சி அங்கே தரப்பட்டது. சீன எழுத்தாளர் லூ சுன் அங்கே படித்தவர். அங்கும் பிறகு பிரிட்டனிலும் படித்துத் திரும்பிய யாங் சாங்ஜி, சாங்ஷா நகரின் பயிற்சிப் பள்ளியில் பாடம் சொன்னபோது அவர் வகுப்பில் இருந்த மாணவர்களில் ஒருவர் மா சேதுங்.

இசாவாவின் பிற்கால வாழ்க்கையில் எல்லாமே பெருமைக்குரியதல்ல. 1895இல் ஜப்பான் தைவானைக் கைப்பற்றியதும் அதன் கல்வித் துறைக்குப் பொறுப்பேற்றுப் போனார். வென்ற நாட்டின் மொழியை வெல்லப்பட்டவர்களுக்குக் கற்பிக்கத் தைபே அருகே ஒரு பள்ளி தொடங்கினார். அவர் ஊர் திரும்பியிருந்த சமயம், 1896 புத்தாண்டு நாளில், அங்கிருந்த ஜப்பானிய ஆசிரியர்கள் ஆறு பேரைக் கிளர்ச்சியாளர்கள் கொன்றார்கள். பாஸ்டனில் சொந்த நாவின் கூச்சத்தைப் போக்கிக்கொள்ளக் கற்ற ஒலியியல், அவர் கையில் ஆட்சியின் கருவியாகவும் ஆயிற்று.

1903இல் அவர் டோக்கியோவில் திக்குவாய் உள்ளவர்களுக்கென ராகுசெகிஷா என்ற நிலையத்தைத் தொடங்கினார். பெல்லிடம் கற்ற கட்புல ஒலி முறையே அங்கே அடிப்படை. 1917இல் இறக்கும்வரை, பேச்சு தடைப்பட்டவர்களை எதிரே உட்கார வைத்து நாக்கையும் உதட்டையும் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதே அவர் வேலையாக இருந்தது.